ஒரு பக்கம் தைத்த பை

உண்பதற்கு வலது கை, ஊசிக்கு இடது கை என்று சுலைகாவின் கைகள் சின்ன வயதிலேயே தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டன. சோற்றில் இடது கை பட்டபோதெல்லாம் உம்மா அகப்பைக் காம்பால் தட்டித் திருத்தினாள். அவள் ஊசி பிடிக்கத் தொடங்கியபோது திருத்துவதற்கு உம்மா உயிரோடு இல்லை. அதனால் அந்தக் கை தப்பித்தது.

தாராவியில் தோல் பை தைக்கக் கற்றுக்கொடுக்கும் மாதர் வகுப்பில் அவள் சேர்ந்த அன்று, மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவர் ஆக்ரா பக்கத்து மனிதர், இந்தி தவிர வேறொன்றும் பேசமாட்டார். ஊசியை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தார். அது கையில் நிற்காமல் ஆடியது. பிறகு அவள் தன் போக்கில் தைத்த தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சல்னே தோ", நடக்கட்டும், என்று நகர்ந்துவிட்டார். மற்றவர்களின் தையல் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. அவளுடையது இடப்பக்கம் சாய்ந்தது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

மூன்று மாதமும் மாஸ்டர் ஓயாமல் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. "ஏக் பேக், ஏக் ஹாத்." ஒரு பைக்கு ஒரே கை. குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக விட்டு இழுக்கிற தையல் அது. இழுக்கிற பலம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பக்கத்தை ஒருத்தியும் மறுபக்கத்தை இன்னொருத்தியும் தைத்தால், சாமான் போட்டுத் தூக்கியதுமே பை ஒரு தோள் இறங்கியவளைப் போலக் கோணிக்கொள்ளும். படைத்தவன் முகத்துக்கு முகம் மட்டுமல்ல, கைக்குக் கையும் வேறுபாடு வைத்துத்தான் அனுப்பியிருக்கிறான்.

வகுப்பை நடத்தியது மாட்டுங்காவில் இருந்த ஒரு மாதர் சங்கம். அதன் சார்பில் தினமும் வந்து போனவள் அபயாம்பாள் மாமி. மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை பூத்து நாறும்போதும், முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டுக்குப் போனதும் தலையோடு குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாள் என்பதும் வகுப்புக்குத் தெரியும். சுலைகாவின் பக்கத்து அறையில் (அங்கே அதைக் கோலி என்பார்கள்) குடியிருந்த நூர் நிஷா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"மாமி, வீட்டுக்குப் போயி குளிக்கியளாமே. எங்களத் தொட்டதுக்கா, தோலத் தொட்டதுக்கா?"

"தோலுக்குத்தாண்டி. உங்களுக்காகன்னா இந்த மழையிலே எதுக்கு வரப்போறேன்?" மாமி சிரித்தாள். "என் மாமியார்கிட்டே என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமோ? கிளாஸ்லே துணி தைக்கச் சொல்லிக் குடுக்கறான்னு. வாசனை காட்டிக் குடுத்துடாதோ?"

அந்த வகுப்பே தாராவி முதலாளிகள் கொடுத்த வாக்கின் மேல் தொடங்கியதுதான். பயிற்சி முடித்த பெண்களுக்குத் தங்கள் கார்கானாக்களில், அதாவது பட்டறைகளில், வேலை தருவதாக அவர்கள் சங்கத்தாரிடம் சொல்லியிருந்தார்கள். முதலில் சொன்னவர் கரீம் பாட்சா. பெட்டியும் பையும் செய்து ஃபோர்ட் பக்கத்து ஏற்றுமதி சேட்டுக்கு அனுப்புகிறவர். வகுப்பில் பாதிப் பேருக்கு அவர் ஊர்க்காரர். பள்ளிவாசலுக்குக் கொடுக்கிற கை. வெள்ளிக்கிழமை தவறாமல் வகுப்புக்கு ஒரு குலை வாழைப்பழம் அனுப்பிவிடுவார். பெண்களுக்குத் தனியாகத் திரை போட்டு இடம் தருவேன் என்று அவர் சொன்ன நாளிலிருந்து சுலைகா அந்தத் திரைக்குப் பின்னால் மனசளவில் குடியேறிவிட்டிருந்தாள்.

அவளுக்கு அந்த இடம் தேவையாக இருந்தது. கணவன் முகம்மது ஹனீப் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவன். மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய் ஒரு வருஷம் கழிந்திருந்தது. பிள்ளை இல்லை. அவன் விட்டுப்போன ஒற்றை அறைக் கோலியில் அவள் தனியாக இருந்தாள். தாணேயில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணன் உதுமான் மாதத்துக்கு ஒருமுறை வந்து வாசலிலேயே நின்று பேசுவான்.

"ஒத்தப் பொம்பள எத்தன நாளைக்கி இப்பிடி இருப்ப? நாலு பேரு என்னைய என்ன கேப்பான்?"

"வேல கெடைக்கும் காக்கா. பாட்சா மொதலாளி வாக்குக் குடுத்திருக்காவ."

"நோன்புப் பெருநா வரைக்கும் பாப்போம். கார்கானாவுல ஒனக்குன்னு ஒரு எடம் இருந்தா இரி. இல்லேன்னா பேசாம எங்கூட வந்துரு. ஒங்க மைனியும் ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

அண்ணன் மனைவி ரஷீதா மைனி கேட்பதன் பொருள் சுலைகாவுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் செருப்பைக் கழற்றும்போதே கையில் கரண்டி ஏறிவிடும். திரும்பச் செருப்பு போடும்போதுதான் இறங்கும். உதுமான் கெட்டவனல்ல. தன் வீட்டில் தங்கைக்குச் சோறு உண்டு என்பதே அவனுக்குப் போதுமான பாசமாக இருந்தது. சோறு போட்ட பிறகு அவளுக்கென்று வேறு ஏதாவது வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வகுப்பின் கடைசி நாளன்று கரீம் பாட்சாவே நேரில் வந்தார். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, கையில் தஸ்பீஹ் மணிமாலை. பின்னால் ஒருவன் வெட்டிய தோல்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்தான்.

"எல்லாரும் நம்ம ஊருப் புள்ளைய," என்றார். "யாரு கை நல்ல கைன்னு பாத்துத்தான் எடம் குடுக்கணும். ஆனா கார்கானாவுல அத்தன ஆம்பளைக்கு நடுவுல ஒங்கள ஒக்கார வச்சுப் பரீச்ச வைக்க எனக்கு மனசு வரல. தோல வீட்டுக்குக் கொண்டு போங்க. ஆளுக்கு ரெண்டு பை தச்சுக் கொண்டாங்க. அதான் சாம்பிள். கையப் பாத்துட்டு அல்லா நாடுனவங்களக் கூப்பிடுதேன்."

பரீட்சையைக்கூட மானத்தோடு வைக்கிறாரே என்று பெண்கள் நெகிழ்ந்து போனார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுலைகாவும் நூர் நிஷாவும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பைகளைத் தைத்தார்கள். நூர் நிஷா சின்னவள், சுலைகாவை அக்கா முறையில் லாத்தா என்பாள், துடுக்குக்காரி. அவள் கணவன் டிராம்பே பக்கம் எங்கோ மண் சுமந்தான். வேலை இருக்கிற நாள் கூலி இருக்கும், இல்லாத நாள் இல்லை. குத்தூசி விரலில் ஏறும்போதெல்லாம் அவள், "இந்தா, பாட்சா மொதலாளி பையில என் ரத்தமும் இருக்கு. நாளைக்கி எடம் தரலேன்னா ரத்தத்தத் திருப்பித் தாரும்வேன்னு கேப்பேன்" என்பாள். சுலைகா ஒவ்வொரு தையலையும் பிஸ்மில்லா சொல்லி இழுத்தாள். வீட்டுக்கு வருகிற மருமகளுக்குச் செய்கிற மாதிரி அந்தப் பைகளைத் துடைத்து, மினுக்கி, பழைய புடவைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

பல நாள் கழித்துப் பதில் வந்தது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் பாட்சாவே நின்று சொன்னார். எல்லோருக்கும் ஒரே பதில்.

"கை இன்னும் பழுக்கல புள்ள. வீட்டுல பழகிக்கிட்டே இருங்க."

ஒருத்தியைக்கூட எடுக்கவில்லை. நூர் நிஷா இரண்டு நாள் திட்டிவிட்டு ஓய்ந்தாள். சுலைகாவால் ஓய முடியவில்லை. குறை எங்கே என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாமே, பையைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பார்ப்போம் என்று கிளம்பினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கார்கானா வாசலில் போய் நின்றாள்.

உள்ளே மரப்பெட்டிகளில் மால் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வைக்கோலும் எண்ணெய்க் காகிதமுமாக, ஒவ்வொரு பையாகச் சுற்றி வைத்தார்கள். எல்லாம் ஒரே வெட்டு, ஒரே நிறம். எந்தக் கை எதைத் தைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சாய்ந்த தையல் ஒன்று அவள் கண்ணில் பட்டது. இடப்பக்கம் சாய்ந்த தையல்.

"மொதலாளி, இது என் பை."

பாட்சா நிமிர்ந்தார். "எது?"

"அந்தா மேல இருக்கது. அதுக்குக் கீழ நூருக்கது, ரத்தப் பொட்டு இருக்கு பாருங்க."

"பையில பேரா எழுதியிருக்கு?"

"எழுதல. சாஞ்சிருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். இல்லையென்று சாதிக்கவில்லை. ஆட்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு முக்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"நானும் கத்துக்கிட்டு வந்தவந்தான் புள்ள," என்றார் அமைதியாக. "எனக்கு மட்டும் உஸ்தாது சும்மாவா சொல்லிக் குடுத்தாரு? வருசக்கணக்கா அவரு வீட்டுக்குத் தண்ணி சுமந்தேன். நான் தச்ச பொட்டிய வித்துத்தான் அவரு மகளக் கட்டிக் குடுத்தாரு. ஒரு வார்த்த கேட்டிருப்பனா? தொழிலு படிக்கவன் செலுத்துற காணிக்க அது."

"ஒங்களுக்கு அவரு சோறு போட்டாருல்லா?"

பாட்சா மணியை உருட்டினார்.

"கை பழுக்கலன்னு சொன்னிய. பழுக்காத கைக்காரி தச்சத சேட்டு எடுக்காவளா?"

"வாய் நல்லா பழுத்திருக்கு," என்று அவர் சிரித்துவிட்டார். கோபமில்லாத சிரிப்பு. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "சரி. நாளைக்கே வா. திர போட்டு எடம் தாரேன். பொம்பளையளுக்கு நீதான் மேஸ்திரி."

"எந்தப் பொம்பளையளுக்கு?"

"அடுத்த வகுப்பு நடக்குல்லா? அவியளும் முடிப்பாவ. சாம்பிள் தோல நீ கொண்டு போ, தச்சத நீ வாங்கிட்டு வா. ஒரு பொம்பள கையால வாங்குனா அவியளுக்கும் மனசுக்கு எதமா இருக்கும். இங்க பாத்தத இங்கனயே விட்டுட்டுப் போ."

தாணே வீட்டின் அடுப்படி சுலைகாவின் கண் முன்னால் வந்து நின்றது. ரஷீதாவின் குரலும் கூடவே கேட்டது. அவளை நாம் அவசரப்பட்டுக் குறை சொல்ல வேண்டாம். வெள்ளத்தில் போகிறவளுக்குப் பிடிமானமாகக் கிடைத்தது முள்ளா கொடியா என்று பார்க்க நேரமிருப்பதில்லை. அவள் தலையை அசைத்தாள்.

பூப்போட்ட பழைய போர்வை ஒன்று மறுநாளே திரையாயிற்று. அதன் பின்னால் ஒரு மணைக்கட்டை, ஒரு குத்தூசி, ஒரு மெழுகுக் கட்டி. அவள் மட்டும். அவள் ஆசைப்பட்ட இடம் அதேதான். ஆனால் அவள் மனசில் குடியேறியிருந்த இடத்தில் பேச்சும் சிரிப்பும் இருந்தன. பக்கத்தில் நூர் நிஷா இருந்தாள். இங்கே திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பேசுகிற சத்தம் மட்டும் வந்தது.

அன்று மாலை நூர் நிஷா ஒரு சின்னத் தூக்குச்சட்டியுடன் வந்தாள். திறந்தால் நெய்யில் வறுத்துப் பால் விட்ட சேமியா. அவள் வீட்டில் அது பெருநாள் பண்டம்.

"எதுக்கு நூரு இதெல்லாம்?"

"சும்மா இரி லாத்தா. எங்க எல்லாத்துலயும் ஒனக்காவது கெடச்சுதே, அல்ஹம்துலில்லா. ஒனக்குக் கெடச்சது எனக்குக் கெடச்ச மாரிதான்." அவள் சட்டியை நீட்டிவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. நீ இப்ப உள்ளயே இருக்க. என் பையில என்ன கொற சொன்னாவ? சொன்னா திருத்திக்கிடுவேம்லா."

உன் பை கப்பல் ஏறிப் போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. வாயில் சேமியாவின் இனிப்பு இருந்தது.

"நூலுக்கு மெழுகு பத்தல," என்றாள் சுலைகா.

"அம்புட்டுத்தானா? இத அந்த மனுசன் அப்பமே சொல்லக் கூடாதா?" நூர் நிஷாவின் முகம் மலர்ந்தது.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் அவர்களுக்கில்லை. சுலைகா சட்டியைக் கழுவி, ஒரு கைப்பிடி சீனி போட்டுக் கொடுத்தாள். சீனியோடு பொய்யும் அந்த வீட்டுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் கார்கானாவிலிருந்து திரும்புகிற மாலைகளிலெல்லாம் நூர் நிஷா வாசலில் உட்கார்ந்து நூலில் மெழுகு தேய்த்துக்கொண்டிருப்பாள். துண்டுத் தோலில் தைத்து நீட்டுவாள். "இப்பச் சரியா லாத்தா?" தேய்த்துத் தேய்த்து அவளுடைய ஆட்காட்டி விரல் நூல் பட்ட இடத்தில் வெடித்திருந்தது. சுலைகா, "சரியாத்தான் இருக்கு" என்பாள். "அப்ப அடுத்த தடவ என்னையக் கூப்பிடுவாவல்லா?" என்பாள் அவள். சுலைகா தன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். தொழுகைப் பாயில் அன்று அவள் நெற்றி நெடுநேரம் தரையிலேயே கிடக்கும்.

நோன்பு மாதம் பிறந்தது. அடுத்த வகுப்பும் முடிந்தது. பாட்சா வெட்டிய தோலைக் கட்டி அவளிடம் கொடுத்தார். வகுப்பறையில் புதிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பேகம் என்று ஒரு பருத்த பெண். கைத்தடி போல ஊன்றி எழுந்திருக்கக் குத்தூசி உதவாதா என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மாமி சுலைகாவைக் கண்டதும் வாய் நிறைய அறிமுகப்படுத்தினாள்.

"இதோ பாருங்கோ, நம்ம சுலைகா. இந்தக் கிளாஸ்லே படிச்சவதான். இப்போ கார்கானாவிலே மேஸ்திரி. உங்களுக்கும் இந்த மாதிரி ஆகும்."

எல்லாப் பெண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை, போன வகுப்பில் அவளே பாட்சாவைப் பார்த்த பார்வை. அவள் தோல் கட்டைக் கீழே வைத்தாள்.

"மாமி, கொஞ்சம் வெளிய வாங்க."

நடையில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். மாமி நம்பவில்லை.

"அப்படியெல்லாம் சொல்லாதே. அவர் எவ்வளவு பக்திமான்! வெள்ளிக்கிழமை தவறாம வாழைப்பழம் அனுப்பறாரே!"

"பழம் அனுப்புதாவ மாமி. கூலி அனுப்பலியே. எங்க பை அத்தனையும் பொட்டியில போனத என் கண்ணால பாத்தேன். இத்தன நாளா சொல்லாம இருந்தேன். நோன்பு வச்ச வாயால திரும்பவும் அந்தப் பொய்யச் சொல்ல முடியல."

மாமி வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த வகுப்புக்கு அவள் வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்திருந்தாள். "நான்தானே எல்லாரையும் கூப்பிட்டேன்," என்றாள். பிறகு கேட்டாள். "தைக்காதேன்னு சொல்லிடட்டுமா?"

"தைக்கலேன்னா தைக்கத் தெரியலேன்னு சொல்லிருவாவ. ஒரு பக்கம் தைக்கட்டும். கையப் பாக்கதுக்கு ஒரு பக்கம் போதும். மறுபக்கத்த எடம் குடுத்த பெறகு அங்கன ஒக்காந்து தைக்கட்டும். வேற கைய வச்சுத் தைக்கவும் முடியாது. கோணிரும்."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் வேலை போயிடுமே, அசடு."

"போவும்."

மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சங்கத்தில் தீர்மானம் வாசிக்கிற குரலில் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. சாம்பிள் பை ஒரு பக்கம் தைச்சாப் போறும். மறுபக்கம் வேலை கிடைச்சப்புறம் கார்கானாவிலே தைக்கலாம். இது என் உத்தரவு. யார் கேட்டாலும் அபயாம்பாள் சொன்னான்னு சொல்லுங்கோ. சுலைகாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"பாதி பை தச்சா பாதி வேலைதான் குடுப்பாவளோ மாமி?" என்றாள் பேகம். வகுப்பு சிரித்தது.

அந்தப் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள மாமிக்கு ஒரு அவசியமும் இல்லை. உலகத்தில் பெரிய தர்மங்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன தர்மங்களை மேலே ஒருவன் மட்டும்தான் குறித்துவைத்துக்கொள்கிறான்.

ஒரு பக்கம் தைத்த பைகள் வந்தபோது பாட்சா புருவத்தை உயர்த்தினார். சேட்டுக்குச் சொன்ன தேதி நெருங்கியிருந்தது. தன் ஆட்களை விட்டு மறுபக்கத்தைத் தைக்க வைத்துச் சேட்டுக்கு அனுப்பிவிட்டார். பைகள் அப்படியே திரும்பி வந்தன. ஃபோர்ட்டில் சேட் ஒரு பையில் எடைக்கல்லைப் போட்டு எல்லோர் முன்னிலும் தூக்கிக் காட்டினாராம். கோணிக்கொண்டு தொங்கியதாம்.

பாட்சா திரையை விலக்கினார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாட்டுங்கா மாமி சொல்லித்தான் பாதியில விட்டாவளாம். மாமிக்குக் கை வித்தியாசம் தெரியுமா? யாரு சொல்லிக் குடுத்தது?"

பழி சுலைகாவின் பக்கம் வராதபடி மாமி முன்பே வழியை அடைத்து வைத்திருந்தாள். சுலைகா பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். அந்தப் பழி மாமியின் மேலேயே தங்கியிருக்கும்.

"நாந்தான்," என்றாள்.

"ஊர்க்காரின்னு எடம் குடுத்தேன்."

"ஊர்க்காரருன்னுதான் நாங்களும் தச்சுக் குடுத்தோம் மொதலாளி."

"எந்திரிச்சுப் போ."

அவள் மெழுகுக் கட்டியை எடுத்துக்கொண்டாள். அது அவள் சொந்தக் காசில் வாங்கியது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது போர்வையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லது செய்தால் நல்லது விளையும் என்று நம்புகிறவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. தாராவி முதலாளிகள் கூடிப் பேசினார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் தேவையில்லை என்று சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். வேலை தருகிறவர்கள் இல்லாமல் வகுப்பு எதற்கு என்று சங்கம் அதை மூடியது. மாஸ்டர் ஆக்ராவுக்குப் போய்விட்டார். மாமியை அடுத்த கமிட்டியில் சேர்க்கவில்லை. தெருக்குழாயடியில் பெண்கள் சுலைகாவுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள், மரியாதையால் அல்ல.

"சாத்துன மாரி இருந்தாலும் கதவுன்னு ஒண்ணு இருந்துச்சி," என்றாள் பேகம், அவள் காதில் விழும்படி. "கதவையே பேத்துட்டாளே மகராசி. இன்னும் நாலு பை தச்சுக் குடுத்திருந்தா யாருக்காவது மனசு எரங்கியிருக்கும்."

நூர் நிஷாவிடம் வேறு யாரும் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று சுலைகா அவள் வாசலுக்குப் போனாள். நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சற்று முன்பு. நூர் நிஷா நூலும் மெழுகுமாக உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அப்ப என் பையில கொறயே இல்ல," என்றாள் நூர் நிஷா கடைசியில்.

"இல்ல நூரு."

"மெழுகு பத்தலன்னியே."

சுலைகா தலை குனிந்தாள். நூர் நிஷா வெடித்த விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவரு மொதலாளி. ஏய்க்கது அவரு தொழிலு. நீ யாரு எனக்கு? எஞ் சேமியாவத் தின்னுக்கிட்டேல்லா சொன்ன!"

கதவு சாத்திக்கொண்டது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. சுலைகா அன்று தண்ணீரால் மட்டும் நோன்பு திறந்தாள்.

பெருநாள் வந்தது, போயிற்று. சொன்ன சொல் தவறாமல் உதுமான் வந்து நின்றான். "நாந்தான் அப்பமே சொன்னம்லா," என்றான். கோலியைக் காலி செய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு மூட்டை. மாமி வந்திருந்தாள். தாணேயில் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் விலாசத்தைச் சொல்லிவிட்டு, "ஏதாவது ஒண்ணுன்னா என்னை வந்து பாரு. வெறுமே பார்க்கணும்னாலும் வா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தோல் வேலை செய்த கை. மாமி வெகுநேரம் விடவில்லை.

சயான் ஸ்டேஷனில் வண்டி வரும் நேரத்தில் படிக்கட்டில் யாரோ ஓடி வந்தார்கள். நூர் நிஷா. மூச்சு வாங்கியது. சுலைகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. உதுமானிடமும் பேசவில்லை. தூக்குச்சட்டியைச் சுலைகாவின் மடியில் வைத்தாள்.

"நூரு..."

"பேசாத. எனக்கு இன்னும் ஆறல." சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "வழியில பசிக்கும்னுதான் கொண்டாந்தேன். அதுக்காவ நான் மறந்துட்டேன்னு நெனைக்காத."

வண்டி நகர்ந்தபோது அவள் அங்கேயேதான் நின்றாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

தாணே வீட்டில் ரஷீதா வாசலுக்கே வந்து வரவேற்றாள். "வா, வா, வீடே வெளிச்சமாச்சி. என்ன கொண்டாந்திருக்க?" சட்டியை வாங்கித் திறந்தாள். சேமியா. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கரண்டியாகச் சட்டி தீர்ந்துவிட்டது. சுலைகாவுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

"அந்தச் சட்டியக் கழுவுறதோட அடுப்படியில கெடக்க ஏனத்தையும் ஒரு கை பாத்திரு சுலைகா," என்றாள் ரஷீதா பிரியமாகவே.

எல்லாவற்றையும் கழுவி முடித்து, தூக்குச்சட்டியை மட்டும் தனியாகத் துடைத்து வைத்தாள். அண்ணன் தாராவிப் பக்கம் சரக்கு எடுக்கப் போகும்போது கொடுத்தனுப்பலாம். ஆனால் வெறும் பாத்திரமாக எப்படி அனுப்புவது? அவள் அலமாரியைப் பார்த்தாள். சீனி இருந்தது, அது ரஷீதாவின் சீனி. வெல்லம் இருந்தது, அண்ணன் கடை வெல்லம். அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் நிறைந்த வீடு. அவளுடையது என்று அள்ளிப் போட அதில் ஒரு பிடியும் இல்லை.

மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். மாற்றுச் சேலைகளுக்கு அடியில் அந்த மெழுகுக் கட்டி இருந்தது. அவள் சொந்தக் காசில் வாங்கியது அது ஒன்றுதான். கையில் எடுத்து, சட்டிக்கு மேலே சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நூர் நிஷாவின் வெடித்த விரல் நினைவுக்கு வந்தது. அதைப் போட அவளுக்குக் கை வரவில்லை.